மூன்றாம் விதியை நான் எழுதவில்லை

அக்டோபர் 27, திங்கள்

முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. ஐந்து நாள் மழை. ஏரி பொறுத்துப் பார்த்துவிட்டு, மணல்மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டதாம். காலையில் செங்கேணி வந்து சொன்னாள். இனி கடலும் ஏரியும் ஒன்றுக்கொன்று போக்குவரத்து. பின்னாலேயே காலா மீன் வரும். தாடையில் நூல் நூலாக மீசை வைத்த மீன். நல்லதாகக் கிடைத்தால் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். இந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் காலா. அந்த இரண்டு மாதத்தில் பாடு கிடைத்த வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காத வீட்டில் பெண்கள் கருவாட்டுக் கூடையோடு பேருந்து ஏறுவார்கள். போன வருஷம் நான் ஏறினேன்.

பாடு என்றால் முறை. முகத்துவாரத்தில் வலை கட்டத் தோதான இடம் ஏழு. ஊரில் வீடு முப்பத்தொன்று. சீட்டுப் போட்டு வரிசை பிடித்து, நாளுக்கு ஏழு வீடு வலை கட்டும். கார்த்திகை ஒன்றாம் தேதி சீட்டு, இரண்டாம் தேதி வலை.

இந்த நாட்குறிப்பு மீனவர் சங்கத்தில் கொடுத்தது. அட்டையில் 'உறுப்பினர் திரு. தேசப்பன்' என்று போட்டிருக்கிறது. உறுப்பினர், அதாவது என் வீட்டுக்காரர், ஊரில் இல்லை. மங்களூரில் படகு வேலை. தை பிறந்தால் வருவார். அதுவரை தாள் வீணாக வேண்டாம் என்று நான் எழுதுகிறேன்.

அக்டோபர் 28

மழை. துணி காயவில்லை. அவருடைய நீலச் சட்டையையும் சேர்த்துத் துவைத்துவிட்டேன். பெட்டியில் இருந்து பூஞ்சை பிடித்துவிட்டது, அதற்காகத்தான்.

அக்டோபர் 30, வியாழன்

நாட்டார் வீட்டிலிருந்து சார்ட் அட்டையும் கறுப்பு மார்க்கரும் வந்தன. நாட்டார் என்றால் எங்கள் ஊர்த் தலைவர் கோதண்டம். முறைக்கு எனக்கு மாமா. ஒவ்வொரு வருஷமும் பருவம் திறக்கும் முன் பதினான்கு விதிகளை எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டுவார்கள். எழுதுவது நான். பன்னிரண்டாவது முடித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எட்டு வருஷமாக இந்த வேலை என் தலையில். எழுத நான் வேண்டும், எழுதியதைக் கேட்டு முடிவெடுக்க ஆம்பிளை வேண்டும். நல்ல நியாயம்.

ஒன்று: சீட்டுக்கு முன் யாரும் முகத்துவாரத்தில் கழி ஊன்றக்கூடாது. இரண்டு: இடம் ஏழு, வரிசைப்படி நாளுக்கு ஏழு வீடு. நான்கு: சங்கு ஊதும்வரை வலை தண்ணீரில் படக்கூடாது. ஐந்து: வலைக்கண் நாலு விரல் போகும் அளவு இருக்க வேண்டும். ஆறு: அவரவர் வீட்டு வலைதான், இரவல் கூடாது, வாடகை கூடாது. இல்லையென்றால் வெளியூர்க்காரன் பணத்தைக் கொடுத்து ஊர் முறையையே வாங்கிவிடுவான். இதெல்லாம் நல்ல விதிகள். கை நோகாமல் எழுதினேன்.

மூன்றாம் விதி இது: வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. அவர் நேரில் வந்து சீட்டு எடுக்க வேண்டும். புருஷன் செத்த வீட்டுக்கு அரைப்பாடு. அதற்கும் ஓர் ஆண் உறவுதான் வலை இறக்க வேண்டும்.

மார்க்கரை மூடி வைத்துவிட்டேன். மூன்று என்று எண் மட்டும் போட்டு, பக்கத்தில் நாலு வரிக்கு இடம் விட்டு, மீதி பதினொன்றையும் எழுதினேன். பார்க்க முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 1, சனி

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாட்டார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"மூணு எங்கம்மா?"

"அது என் கைக்கு வர மாட்டேங்குது மாமா."

"இன்னா விளையாட்டு இது?"

"விளையாடல. எட்டு வருசமா எழுதிட்டேன். இந்த வருசம் அது என் வாயில மண்ண போடுது. என் கையாலயே நான் எழுதணுமா? வேணுன்னா வேற யாராச்சும் எழுதிக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். ஆனால் கோபப்படவில்லை. "தேசப்பன வரச் சொல்லு. வந்து ஒரு சீட்ட எடுத்துட்டுப் போவட்டும். அப்புறம் வலைய யார் கட்டினாலும் நான் கண்ண மூடிக்கிறேன்" என்றார்.

"அவுரு இல்லாம நான் இல்லியா மாமா? வலை என்னுது. கழி என்னுது. தண்ணி எங்க சுழிக்கும், எங்க இழுக்கும்னு எனக்குத் தெரியும். அப்புறம் இன்னா?"

"முறைன்னு ஒன்னு கீதேம்மா."

முறை இருக்கிறதாம். இந்த ஊரில் மழை பெய்தாலும் முறை, பெய்யாவிட்டாலும் முறை.

நவம்பர் 3, திங்கள்

நாளெல்லாம் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குள் வலை வேலை. நானும் செங்கேணியும். அவள் என் நாத்தனார், அவருடைய தங்கை. புருஷன் கடலில் போய் நாலு வருஷமாகிறது. மேல்கயிற்றில் மிதப்பு கோப்பது அவள், கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டு கட்டுவது நான். பதினொரு மாதமாக, கருவாடு விற்றுவிட்டு வந்த நேரத்தில் எல்லாம் கட்டிய வலை. இன்னும் பத்துப் பாகம் நீளம் பாக்கி.

செங்கேணிக்கு அரைப்பாடு உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அதையும் அவள் கொழுந்தன் இறக்கி, மீனில் பாதியை எடுத்துக்கொள்கிறான். அரையில் பாதி கால். "நான் கால் பொம்பள அண்ணி. நீ அந்தக் காலும் இல்லாதவ" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணன் போன் பண்ணுதா?" என்று கேட்டாள்.

"பண்ணுவாரு, பண்ணுவாரு" என்றேன்.

நவம்பர் 5

விரலில் கயிறு அறுத்துவிட்டது. மஞ்சள் வைத்தேன். அவருடைய பழைய நம்பருக்கு ரீசார்ஜ் முடிகிறது என்று செய்தி வந்தது. போட்டுவிட்டேன். சும்மா கிடக்கட்டும்.

நவம்பர் 8, சனி

நாட்டாரும் வேதாசலமும் வீட்டுக்கே வந்தார்கள். வேதாசலம் ஊருக்குச் சட்டம் பேசுகிற ஆள். சாமி வரம் கொடுத்தாலும் இந்தப் பூசாரி விடமாட்டார். ஒரு வீடு வரிசையில் குறைந்தால் மற்றவருக்கு முறை சீக்கிரம் வரும், அவருக்கும்தான். அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

வேதாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பதினாலு மாசமாச்சு. ஒரு தகவல் இல்ல. கடல்ல போனவன் வருசம் தாண்டி வரலைன்னா காரியம் பண்ணிடறது நம்ம வழக்கம். நீயும் பண்ணிடு. பண்ணிட்டா அரைப்பாடு தானா வந்துடும். செங்கேணி கணக்கா நீயும் கௌரவமா இருக்கலாம்."

நான் தட்டிலிருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். "உயிரோட கீற ஆளுக்கு எப்படிங்க காரியம் பண்ணுவாங்க?" என்றேன்.

"உயிரோட கீறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வாயை விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டேன். நாட்டார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றேன். "அவ்ளோதான். பொட்ட அழிச்சா அரை, புருசன இழுத்துகினு வந்தா முழுசு. ரெண்டுமே அவுர வச்சுத்தானே? நான் ஒத்தி இங்க முழுசா உக்காந்துகினு கீறனே, அதுக்கு இன்னா பங்கு?"

வேதாசலம், "திமிரு" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் மங்களூரில் இல்லை. எழுதுவதற்கென்ன, எழுதிவிடுகிறேன். காக்கிநாடாவில் இருக்கிறார். ஆடியில் ஒரு பெண் அவருடைய பழைய நம்பரிலிருந்து பேசினாள். தெலுங்கு. எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும்.

நவம்பர் 12, புதன்

வலை முடிந்தது. கட்டடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் விரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு கண்ணிலும் நாலு விரலை விட்டுப் பார்த்தேன். செங்கேணி, "பொண்ணு பார்க்கிறாப்ல பார்க்கிற" என்றாள். என் வாழ்க்கையில் நானே ஆரம்பித்து நானே முடித்த முதல் பொருள் இது. பெருமையாக இருந்தது.

பழைய வலை என்ன ஆனது என்றும் எழுதிவைக்க வேண்டும். அது எரிந்துபோனது.

போன வருஷம் புரட்டாசியில், அந்த வலையின் வால்பக்கம் உள்ளே கொசுவலை தைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கொசுவலை தைத்தால் பொடிமீன்கூடத் தப்பாது. விரல் நீளக் குஞ்செல்லாம் வாரிக்கொண்டு வரும். ஒன்பதாம் விதி: விதியை மீறினால் அந்த வலையை ஊர் நடுவில் போட்டு எரிக்க வேண்டும், ஒரு பருவம் பாடு கிடையாது. எரிப்பதும் ஊர் எரிக்காது. கூட்டத்தில் பெயர் கூப்பிட்டு, பாய்க்கு முன்னால் நிறுத்தி, அந்த வலைக்கு உரிய தலைக்கட்டின் கையாலேயே கொளுத்தச் சொல்வார்கள். வேறு யார் கை பட்டாலும் அந்தப் பழி ஊருக்கு வரும் என்பது வழக்கம். அவர் கொளுத்தினார். நைலான் உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். மூன்றாம் நாள் அவர் ஊரைவிட்டுப் போனார்.

நாட்டாரிடம் யார் சொன்னது என்று ஊர் பல மாதம் பேசியது. வேதாசலம் என்றார்கள் சிலர். அடுத்த தெரு ஆள் என்றார்கள் சிலர். எனக்கு வேலை இருக்கிறது, தூங்கப் போகிறேன்.

நவம்பர் 15, சனி

தேசப்பன் வந்திருக்கிறார்.

மத்தியானப் பேருந்தில் இறங்கி, ஏதோ கடைக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றினார். நாட்டார் அந்தப் பழைய நம்பருக்கே போன் போட்டு வரவழைத்திருக்கிறார். "உனக்கு நல்லதுதான்மா பண்ணேன்" என்றார் மாமா. அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். என்ன சொல்ல?

இளைத்திருக்கிறார். காதோரம் நரை. "நல்லா கீறியா அஞ்சல?" என்று கேட்டார். பதினாலு மாதம் மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த அத்தனை வசவும் எங்கே போயின என்று தெரியவில்லை. "கை காலக் கழுவிகினு வாங்க" என்றேன். சொன்னது நான்தான்.

நெத்திலி வறுத்தேன். அவருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

குழம்பில் உப்பு அதிகம்.

நவம்பர் 16, மறுபடி

பொய் எதற்கு. சமைக்கும்போதுதான் சொன்னார். "சீட்டு எடுத்துத் தரேன். ரெண்டு மாசம் இருந்து வலை கட்டுறேன். வர்றதுல ஆளுக்குப் பாதி. அப்புறம் நான் போவணும் அஞ்சல. அங்க குழந்த பொறந்து மூணு மாசம் ஆவுது." நான் குழம்பில் இரண்டாவது தடவை உப்பைப் போட்டது அப்போதுதான். எங்களுக்கு ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை.

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். நன்றாக அழுதேன். அந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் சங்கத்தில் சார்ட் அட்டை ஒட்டினார்கள். மூன்றாம் விதியின் இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து வேதாசலம், "தலைக்கட்டு வந்துட்டானே, அவனே எழுதட்டும்" என்று மார்க்கரை நீட்டினார். தேசப்பன் எழுதினார். கோணல்மாணலாக, இரண்டு பிழையோடு. என் எழுத்துக்கு நடுவே அவருடைய எழுத்து. எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வேடிக்கை மாதிரி.

அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நவம்பர் 17, திங்கள். கார்த்திகை 1

சீட்டு.

அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து நாட்டார் உட்கார்ந்தார். தலைக்கட்டுப் பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் எழுந்து "கீறேன்" என்று சொல்லிவிட்டுப் பாய்க்கு முன்னால் வந்து சீட்டு எடுக்க வேண்டும். பெண்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றோம்.

"தேசப்பன்."

"கீறேன்."

கையை விட்டு எடுத்தார். ஒன்று. முதல் நாள், முதல் இடம். முகத்துவாரத்தின் வாய், ஆழம் நெஞ்சளவு, இழுவை அங்கேதான் அதிகம். முப்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டுக்கு அடிக்கிற அதிர்ஷ்டம். கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் என் பக்கம் திரும்பி, "இன்னாமே பார்த்துகினு கீற? விடிகாலைல வலைய எடுத்துகினு வந்துடு" என்றார்.

நான் வேப்பமரத்தை விட்டு முன்னால் வந்தேன்.

"வலை வராது" என்றேன்.

"இன்னா?"

"சீட்டு உன்னுது. வலை என்னுது. உன் வலைய நீ போன வருசமே கொளுத்திட்ட. ஆறாம் விதி: அவுங்கவுங்க வலைதான், இரவல் கூடாது. நான் இரவல் தர மாட்டேன்."

வேதாசலம் எழுந்தார். "ஒரே வூடு, ஒரே வலை. இதுல இன்னா உன்னுது, அவன்து? புருசன இத்தன பேர் முன்னால..."

"இருங்க. இத்தன பேர் கீறதாலதான் சொல்றேன். போன வருசம் கொசுவலை தச்சத நாட்டார் மாமாகிட்ட சொன்னது யாருன்னு கேட்டீங்களே. நான்தான். மூணு தடவ அவுராண்ட சொன்னேன், குஞ்செல்லாம் போவுது, வேணாம்யான்னு. கேக்கல. நாலாந்தடவ கொசுவலைல ஒரு துண்ட அறுத்து மடியில கட்டிகினு மாமா வூட்டுக்குப் போனேன். ஊர் விதிய மீறினவரு தலைக்கட்டு. அத காப்பாத்தினவளுக்கு நிக்க எடம் இல்ல. இதான உங்க முறை?"

நாட்டார் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதுபோல. தேசப்பனின் முகத்தை நான் பார்க்க நினைக்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டேன். அடிபட்ட முகம்.

கொசுவலைக்காகத்தான் சொன்னேனா, அந்த நாட்களில் அவர் போனை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போய்ப் பேசியதற்காகச் சொன்னேனா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும்தான். சொன்னது சரிதான்.

அவர் வீட்டுக்கு வரவில்லை. சங்கக் கட்டடத்தில் படுத்துக்கொண்டாராம்.

நவம்பர் 18, செவ்வாய். கார்த்திகை 2

விடிந்ததும் சங்கு ஊதினார்கள். ஆறு வீட்டார் கழியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதல் இடம் காலி. தேசப்பன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலை இல்லை, யாரும் கொடுக்கவும் கூடாது.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் தண்ணீர் வற்றத் தொடங்கி, இழுவை பிடித்து, அந்தக் காலி இடத்தில் காலா துள்ளியது. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. வெயிலில் வெள்ளிப் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்ட மாதிரி. ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே வாயைத் தாண்டிப் போயின.

"செங்கேணி, கழிய எடு."

"அண்ணி, வேணாம். வலைய எரிச்சிடுவாங்க."

"எடுக்கிறியா, நானே எடுக்கட்டா?"

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். "போனா அரைதானே போவும்" என்று சொல்லிச் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

இறங்கினோம். கரையில் கூச்சல். வேதாசலம் "ஏய், ஏய்" என்று தண்ணீர் விளிம்புவரை ஓடிவந்து நின்றார். நெஞ்சளவுத் தண்ணீரில் கழியை ஊன்றிப் பிடிப்பது லேசில்லை. முதல் கழி இரண்டு தடவை பெயர்ந்தது. மூன்றாம் தடவை அதன்மேல் என் முழுக்கனத்தையும் போட்டுத் தொங்கினேன், இறங்கியது. வலையைக் கட்டி விட்டதும் இழுவையில் அது விறைத்துக்கொண்டது. கயிறு அதிர்ந்தது. அந்த அதிர்வைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

இருபத்திரண்டு காலா. எல்லாம் பெரிசு. நாலு விரல் கண்ணில் ஒரு குஞ்சுகூட மாட்டவில்லை.

கரையேறியதும் மீனையும் வலையையும் எடுத்துக் கோயில் முன்னால் வைத்துவிட்டார்கள். மீன் ஊர்ப் பொதுவுக்கு. நாளை கூட்டம். ஒரே ஒரு காலாவை நாட்டார் எடுத்து, "பசிக்கும், கொண்டுபோ" என்று செங்கேணி கையில் கொடுத்தார். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். இரண்டு பேரும் மூச்சுமுட்டத் தின்றோம்.

நவம்பர் 19, புதன்

ஊர் முழுக்க வந்திருந்தது. பெண்கள் வேப்பமரத்தோடு நிற்காமல் இன்னும் முன்னால் வந்திருந்தார்கள்.

வேதாசலம்தான் குற்றத்தைச் சொன்னார். சீட்டு எடுக்காதவர் வலை இறக்கினார். ஒன்பதாம் விதிப்படி வலை எரிய வேண்டும், ஒரு பருவம் பாடு இல்லை. கையும் களவுமாகப் பிடித்தது. வேறு பேச்சு இல்லை. வலை செங்கேணியுடையதல்ல என்று அவளை விட்டுவிட்டார்கள்.

நாட்டார் பட்டியலைப் பிரித்தார். "தேசப்பன்."

"கீறேன்."

"வந்து உன் கையால கொளுத்து."

தேசப்பன் பாய்க்கு முன்னால் வந்தார். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். குவித்துக் கிடந்த வலையைப் பார்த்தார். குனிந்து மேல்கயிற்றைக் கையில் எடுத்து, மிதப்பு கட்டிய முடிச்சைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தீப்பெட்டியைப் பாயில் வைத்துவிட்டார்.

"இது என் வலை இல்லீங்க. இதுல ஒரு முடிச்சுகூட என்னுது இல்ல. எனக்கு வலையே கெடையாது. அவுளுது."

சொல்லிவிட்டுக் கூட்டத்தை விட்டு வெளியே போனார். அவர் எனக்காகச் சொன்னாரா, இரண்டாம் தடவையும் ஊர் நடுவில் நெருப்பு வைக்க மானம் விடவில்லையா, எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முழு உண்மை அது.

வேதாசலம், "சரி, அவளே கொளுத்தட்டும்" என்றார்.

"கொளுத்துறேன்" என்றேன். "பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"இன்னா?"

"பட்டியல்ல பேர் கூப்பிட்டு, பாய் முன்னால நிறுத்தி, தலைக்கட்டு கையால கொளுத்தறதுதான வழக்கம்? போன வருசம் அப்படித்தான நடந்துச்சு? நான் தலைக்கட்டு இல்லன்னா என் கை நெருப்பு செல்லாது, வலைய தூக்கிகினு வூட்டுக்குப் போறேன். தலைக்கட்டுன்னா கூப்பிடுங்க, வரேன்."

வேதாசலம் பட்டியலைச் சுட்டிக் காட்டினார். "பொம்பள பேர பட்டியல்ல கூப்பிடறதா? எந்த ஊர்ல நடக்கும்?"

"அப்ப வலை எரியாதுங்க. தப்பு செஞ்சவளுக்குத் தண்டன இல்ல. அதுவும் உங்க விதிதான். எனக்கு ரெண்டும் சம்மதம், எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. நாளைக்கு ஆளாளுக்கு சீட்டில்லாமல் இறங்குவான், எரிச்சே ஆகணும் என்று நாலு பேர் கத்தினார்கள். ஊர் விதி போய்விடக் கூடாது என்று கூச்சல் வலுத்தது. அவர்கள் சொல்வதும் சரிதான். எனக்கும் அந்த விதி போகக்கூடாது.

நாட்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில் ஏதோ எழுதினார். வேதாசலம் எட்டிப் பார்த்து, "அண்ணே" என்றார். நாட்டார் காதில் வாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோரையும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"அஞ்சலாட்சி."

பக்கத்தில் செங்கேணி என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"கீறேன்" என்றேன். சத்தம் அம்மன் கோயில் மணிவரை போயிருக்கும்.

பாய்க்கு முன்னால் போய் நின்றேன். தீக்குச்சி முதல் கிழிப்பிலேயே பிடித்தது. பதினொரு மாத வலை, வாலில் வைத்தேன். நைலான் சுருங்கி, கறுத்து, நீலமாகப் பிடித்து எரிந்தது. மிதப்புகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கண் எரிந்தது, தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, விலகவும் இல்லை. கடைசி ஈயக்குண்டு சாம்பலில் உட்காரும்வரை நின்றேன். பின்னாலிருந்த பெண்கள் யாரும் கலைந்து போகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

தேசப்பன் காலைப் பேருந்தில் போய்விட்டார். வாசல்வரை வந்து, "வரட்டா?" என்றார். "குழந்தைய நல்லா பார்த்துக்கோ" என்றேன். நீலச் சட்டையைக் கொடுத்தனுப்பினேன். எனக்கு எதற்கு?

நவம்பர் 21, வெள்ளி

தண்டனையைச் சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். என்னை எழுதச் சொல்லவில்லை. நாட்டாரே தன் கையால் எழுதியிருக்கிறார்: 'தலைக்கட்டு எண் 32. அஞ்சலாட்சி. இந்தப் பருவம் பாடு இல்லை.'

கீழே வேதாசலத்தின் கையெழுத்தும் இருக்கிறது. போட்டுத்தான் ஆக வேண்டும், தண்டனைக் காகிதமாயிற்றே.

சங்கத்துக்கு முன்னால் நின்று நாலைந்து தடவை படித்தேன். போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று செங்கேணி கத்தினாள். இரண்டு மாதத்துக்குக் கருவாட்டுக் கூடைதான். தெரிந்துதானே கொளுத்தினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

புது நூல்கண்டு வாங்கிவந்தோம். செங்கேணியும் தனியாக ஒன்று வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கும் ஒரு வலை வேணும் அண்ணி. கட்டிட்டு, சீட்டு இல்லாம ஒரு நாள் இறக்கணும்" என்றாள்.